படத்தில் சிகரெட்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டுப் பேசுகிறோம். லீவு நாட்களில் பிள்ளைகளுக்குக் குறும்படப் பயிற்சியும் உண்டு. எந்தப் படம் போட்டாலும் யாராவது ஒருவர் சிகரெட்டுக்கு வந்துவிடுவார். காட்டலாமா கூடாதா, யார் தடுக்கிறார்கள், தடுத்து என்ன ஆகிவிட்டது என்று அதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் சட்டமும் தகவலும் பொது; அபிப்பிராயம் என்னுடையது.

"இன்னா சார், படத்துல சிகரெட் பிடிக்கிறதே சட்டப்படி தப்பாமே?"

தப்பில்லை. ஒரு காலத்தில் தப்பாக்கப் பார்த்தார்கள். 2005-ல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, சினிமாவிலும் டி.வி.யிலும் புகைக்கும் காட்சியே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். இந்தி இயக்குநர் மகேஷ் பட் கோர்ட்டுக்குப் போனார். டில்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல, விஷயம் மூன்றாவது நீதிபதியிடம் போனது. 2009 ஜனவரியில் அந்த விதி ரத்தானது. வாழ்க்கையில் இருக்கிற ஒன்றைப் படத்தில் காட்டவே கூடாது என்று மொத்தமாகத் தடுப்பது பேச்சுரிமைக்குள் கைவைப்பது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதற்குப் பிறகு தடையை விட்டுவிட்டு நிபந்தனைக்கு வந்தார்கள். 2003-ம் வருடத்துப் புகையிலைச் சட்டத்தின் கீழ் 2011-லும் 2012-லும் புது விதிகள் வந்தன. 2012 அக்டோபர் 2-லிருந்து நாம் தியேட்டரில் பார்ப்பதெல்லாம் அந்த விதிகளின் வேலை.

"கீழ வருதே ஒரு எழுத்து, அதை சென்சார்காரங்கதான் போடச் சொல்றாங்களா?"

போடச் சொல்வது சுகாதார அமைச்சகம். போட்டிருக்கிறதா என்று பார்ப்பது சென்சார் போர்டு. படத்தில் புகையிலைப் பொருள் தெரிந்தாலோ யாராவது அதைப் பயன்படுத்தினாலோ, ஆரம்பத்திலும் நடுவிலும் 30 விநாடிக்குக் குறையாத விழிப்புணர்வுப் படம் போட வேண்டும். புகையிலையின் கெடுதியைச் சொல்லும் 20 விநாடி எச்சரிக்கையும் அதேபோல் இரண்டு தடவை வர வேண்டும். சிகரெட் திரையில் இருக்கும் வரை கீழே அந்த வாசகம் நிற்க வேண்டும். கம்பெனிப் பெயர் தெரியக்கூடாது. இதற்கும் மேலே, இந்தக் காட்சி கதைக்கு ஏன் வேண்டும் என்று வலுவான காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பஞ்சு போன்ற நுரையீரலைப் பிழிந்து காட்டும் படமும், வாய்ப் புற்றுநோயால் இறந்த முகேஷ் என்ற இளைஞரின் படமும் இந்த 30 விநாடிக் கணக்கில் வந்தவைதான். முகேஷ் சிகரெட் பிடித்தவர் இல்லை, குட்கா போட்டவர். எத்தனையோ தடவை பார்த்தவர்களே இதைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள்.

"அந்த எழுத்தைப் பார்த்து ஒருத்தனாவது தம்மை வுட்டானாண்ணா?"

அந்த வரியைப் படித்துவிட்டு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. இன்டர்வெல் முடிந்து விழிப்புணர்வுப் படம் வரும்போது பாதித் தியேட்டர் பாப்கார்ன் வரிசையில் நிற்கிறது. முதலில் வருகிற படத்துக்கும், டைட்டில் போடவில்லையே என்று விசில்தான். பத்து வருடத்துக்கு மேலாக இதே மாதிரிப் படங்களையே போட்டால் ஜனங்கள் கேலிக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். மீம்ஸ் போடுகிற பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதற்காக எடுத்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். புகைக்கிறவனைத் திருத்துவதை விட, இன்னும் ஆரம்பிக்காதவனுக்கு, "இது சாதாரணப் பொருள் இல்லை" என்று ஞாபகப்படுத்துவதுதான் அந்த வரியால் முடிகிற வேலை. நிறுத்த நினைக்கிறவருக்கு அதைவிடப் பயன்படுவது 1800-11-2356 என்ற இலவச எண். பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். பாக்கெட்டின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் எச்சரிக்கைப் படம் கடைக்காரர் கையோடு நின்றுவிடுகிறது.

"படம் பார்த்து பசங்க கெட்டுப்போறாங்கன்றது சும்மா பேச்சு. நான் பார்க்காத படமா?"

இதைச் சொன்னவர் சத்துவாச்சாரியில் மெக்கானிக். சின்ன வயதிலிருந்து படம் பார்க்கிறவர், புகைக்காதவர். அவர் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் ஒருவர் கதையை வைத்து ஊர்க்கணக்குப் போட முடியாது.

இதில் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அலுவலகம் 2012-ல் வெளியிட்ட அறிக்கை, படங்களில் புகைக்கும் காட்சிகளைப் பார்ப்பது இளம் வயதினர் புகைக்க ஆரம்பிப்பதற்கு ஒரு காரணம் என்று தெளிவாகவே முடிவு சொன்னது. இரண்டும் ஒன்றாக நடக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அதே வருடம் டில்லிப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வந்த ஆய்விலும், இந்திப் படங்களில் இந்தக் காட்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம், குறைவாகப் பார்த்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் புகையிலைப் பழக்கம் தெரிந்தது. படம் பார்த்த எல்லோரும் பிடிப்பார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆயிரம் பையன்களை எடுத்துக்கொண்டால், படம் இல்லாவிட்டால் தொட்டே இருக்க மாட்டான் என்கிற சிலர் அதில் இருப்பார்கள்.

"எங்க தாத்தா கொட்டாய்க்கே போனதில்ல. அவரு பீடி பிடிக்கலயா?"

பிடித்தார். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது சினிமாவின் பொய்யைத் தொடுகிறது. நாட்டில் பெரியவர்களிடம் 2016-17-ல் எடுத்த கணக்கெடுப்பில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 20 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தால் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் அதற்கும் மேலே. ஆனால் திரையில் எது வருகிறது? வெள்ளையாய், நீளமாய், சிகரெட். அப்புறம் பணக்கார வில்லன் கையில் சுருட்டு.

தாத்தா பீடி பிடித்தது எதைப் பார்த்தும் இல்லை. மண்டித் தெருவில் மூட்டை இறக்குகிறவருக்கும், தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்குகிறவருக்கும் பீடி என்பது மேஸ்திரி திட்டாமல் ஐந்து நிமிடம் உட்காருவதற்கு ஒரு சாக்கு. பசியை அடக்கும் என்று நம்பியவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு சினிமா பொறுப்பில்லை. கல்லூரி வாசலில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறவன் தாத்தாவின் பசியால் பற்ற வைக்கவில்லை. அவனுக்கு முந்தின பதில்தான் பொருந்தும்.

"வில்லன் பிடிச்சா பரவால்ல, ஹீரோ பிடிச்சாதான் தப்பா?"

வில்லன் என்பதால் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. இப்போதெல்லாம் படத்திலேயே அழகாக உடை உடுத்துகிறவர் வில்லன்தான். யார் பிடிக்கிறார் என்பதைவிட, அந்த நேரத்தில் கேமராவும் இசையும் என்ன செய்கின்றன என்று நான் பார்ப்பேன்.

ஒரு காட்சி இப்படி வரும்: முகம் தெரியாது, முதலில் தீக்குச்சி உரசும் சத்தம், இருட்டில் நெருப்பு, ஸ்லோ மோஷனில் புகை, புகை விலகினால் ஹீரோ, பின்னாலேயே டிரம்ஸ். தியேட்டர் எழுந்து நிற்கிறது. இங்கே சிகரெட் கதைக்கு ஒன்றும் செய்யவில்லை. நாயகனைப் பெரிதாக்குகிறது, கைமாறாக நாயகன் அதைப் பெரிதாக்குகிறார். பேர் போடாத விளம்பரம் என்று இதைச் சொல்வேன். கீழே எத்தனை பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டாலும் டிரம்ஸ்தான் ஜெயிக்கும்.

இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே ஐடா ஸ்கடர் சாலை. உள்ளே அப்பாவைச் சேர்த்துவிட்டு வெளியே வந்த மகன், கையில் பில், பாஷை தெரியாத ஊர், பெட்டிக்கடை ஓரம் நின்று பிடிக்கிறான். பாதியில் போன் வருகிறது, போட்டுவிட்டு ஓடுகிறான். அந்தக் காட்சியை வெட்டச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அதைப் பார்த்து எந்தப் பையனுக்கும் பிடிக்க ஆசை வராது. அந்த மகன் மேல்தான் மனசு போகும்.

"எம்.ஜி.ஆர். பிடிக்கல, ரஜினி பிடிச்சாரு. ரெண்டு பேரையும்தானே தலைமேல வெச்சிக்கினாங்க?"

ஆமாம். அதனால்தான் "சிகரெட் இல்லாமல் மாஸ் வராது" என்கிற வாதத்தை நான் ஏற்பதில்லை. எம்.ஜி.ஆர். தன் நாயக வேடங்களில் சிகரெட்டைத் தவிர்ப்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். அவருக்குக் கூட்டம் குறைந்ததா? ரஜினிகாந்த் 1970-களின் கடைசியில் சிகரெட்டை மேலே எறிந்து வாயில் பிடித்ததும், அதை அப்படியே செய்து பார்க்காத தெருவே இல்லை. இன்றைக்கு அறுபதைத் தாண்டிய எங்கள் ஊர் மாமாக்களைக் கேட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக் கட்டியை வைத்துப் பழகிய கதையெல்லாம் வரும்.

2002-ல் 'பாபா' வந்தபோது, அதில் புகைப்பதையும் குடிப்பதையும் எதிர்த்து பா.ம.க. போராடியது. நம் வட மாவட்டங்களில் அந்தச் சூடு அதிகம். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு வந்தது. பெட்டியைத் தூக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரஜினி பல படங்களில் சிகரெட்டை விட்டார், பிடிக்காதீர்கள் என்று ரசிகர்களிடமும் பேசினார். ஸ்டைல் குறைந்துவிட்டது என்று டிக்கெட் வாங்காமல் திரும்பிப் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது.

"படத்துல காட்டினா கம்முனு இருக்காங்க, போஸ்டருக்கு மட்டும் இன்னாத்துக்கு அவ்ளோ சண்டை?"

படத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகிறோம். போஸ்டர் நம்மைக் கேட்காமல் பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் நிற்கிறது, ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை தினம் பார்க்கிறது. விதியிலும் விளம்பரப் பொருட்களிலும் போஸ்டரிலும் புகையிலை கூடாது என்று தனியாகவே இருக்கிறது. 2018-ல் 'சர்கார்' முதல் போஸ்டரில் விஜய் வாயில் சிகரெட் இருந்தது. மாநிலச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, படக்குழு அதை எடுத்துவிட்டது.

ஆனால் வழக்கு என்று போனால் கதை வேறு. 'வேலையில்லா பட்டதாரி' படத்தின் புகைக்கும் காட்சிகள், போஸ்டர் தொடர்பாகப் போட்ட வழக்கை 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத்தின் விளம்பரப் பிரிவு சிகரெட் வியாபாரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தது, படம் எடுப்பவர்களை அதற்குள் இழுக்க முடியாது என்ற பக்கம் தீர்ப்பு போனது. சட்டத்தை இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்பது நியாயம்தான். போஸ்டரில் வேண்டாம் என்பதும் என் கட்சி.

"கம்பெனிக்காரன் காசு குடுக்காமயா இவ்ளோ சிகரெட் காட்டுறாங்க?"

ஹாலிவுட்டில் கொடுத்த கதை ஆவணத்தோடு இருக்கிறது. 1983-ல் சில்வெஸ்டர் ஸ்டாலோன், ஐந்து படங்களில் ஒரு சிகரெட் கம்பெனியின் பொருளைப் பயன்படுத்த 5 லட்சம் டாலர் என்று எழுதிய கடிதம் பின்னால் வெளியே வந்தது. 1998-ல் அமெரிக்க மாநிலங்களும் பெரிய கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில், படத்தில் காட்டக் காசு கொடுப்பது நிறுத்தப்பட்டது. இங்கே 2003 சட்டமே புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது. அதனால் வெளிப்படையாகக் கம்பெனிப் பெயரோடு காட்ட முடியாது.

எனக்கு இதில் கோபம் வேறு. காசு வாங்கிக்கொண்டு செய்தால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். வாங்காமலே, அறிமுகக் காட்சிக்கு வேறு யோசனை வராததால் ஒரு சிகரெட்டை வாயில் வைத்து அனுப்புகிறார்கள். அது சோம்பேறித்தனம்.

"நடிகருங்க நெஜமாவே பிடிக்கிறாங்களா?"

சிலர் பிடிக்கிறார்கள். பல செட்டில் மூலிகை சிகரெட் தருகிறார்கள். அதில் நிக்கோட்டின் இருக்காது. ஆனால் எதை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும், எட்டு டேக் எடுத்தால் எட்டு தடவை உள்ளே போகும். புகைக்காத நடிகரை இதற்காகக் கட்டாயப்படுத்துவது அநியாயம்.

"அப்போ நெஜத்தைக் காட்டவே கூடாதா? ஊர்ல எவனும் பிடிக்கலயா?"

காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஊரில் நடப்பதில் பாதியைக்கூட நம் படங்கள் காட்டுவதில்லை.

நிஜத்தில் புகைக்கிறவனுக்கு விடியற்காலையில் இருமல் வரும். விரல் மஞ்சளாகும். சட்டை நாறுகிறது என்று குழந்தை தூரப் போகும். மாதக் கடைசியில் பெட்டிக்கடைக் கடன் நிற்கும், அதை மனைவிக்குத் தெரியாமல் கட்ட வேண்டும். மழையில் தீப்பெட்டி நமத்துப் போகும். மாமனார் வந்தால் பின்னால் மறைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் போடலாம். நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் செய்து மறுநாள் மாட்டிக்கொள்வான். இதில் எது படத்தில் வருகிறது? ஆஸ்பத்திரி வராந்தாவிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஹீரோ ஊதிக்கொண்டே நடக்கிறார். சாம்பல் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. இருமுகிற ஹீரோ ஒருவர் வந்தால், அவருக்கு ரத்தம் வந்து இன்டர்வெல் விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற முப்பது வருட வாழ்க்கை அப்படியே விட்டுப்போகிறது.

"நிஜம்" என்று வாதாடும் இயக்குநர்களிடம் நான் கேட்பது இந்த விடுபட்ட பாகத்தைத்தான். என் புகார் படத்தில் புகைப்பது அதிகம் என்பது இல்லை. அழகான ஐந்து விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்களே என்பதுதான்.

"பொம்பள பிடிச்சா மட்டும் தியேட்டரே கத்துதே, அது ஏன்?"

ஹீரோ பிடித்தால் கெத்து, கதாநாயகி பிடித்தால் திமிர் என்று படமே சொல்லிக் கொடுத்திருக்கிறது. முதல் பாதியில் சிகரெட் பிடிக்கிற பெண், இரண்டாம் பாதியில் திருந்திப் புடவை கட்டிக்கொள்வாள். உடம்புக்குக் கெடுதல் இருவருக்கும் ஒன்றுதான். கத்துகிறவர்களுக்கு உடம்பைப் பற்றிக் கவலை இருந்தால் ஹீரோவுக்கும் கத்தியிருப்பார்கள்.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து மென்ற ஆயாக்களையும், திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த கிழவிகளையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. சினிமாவுக்குத்தான் அந்த ஆயா தெரியாது.

"முனீஸ்வரனுக்குச் சுருட்டு வெச்சி படைக்கிறோம். அதைப் படம் எடுத்தா அதுக்கும் எழுத்து வருமா?"

சிரிக்காதீர்கள், சரியான கேள்வி. விதி "புகையிலைப் பொருளோ அதன் பயன்பாடோ" தெரிந்தால் என்கிறது. சாமி முன்னால் வாழை இலையில் சுருட்டு இருந்தாலும் அது புகையிலைப் பொருள்தான். எழுத்து வரும். முனீஸ்வரன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

விதி காட்சியின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, பொருள் கண்ணில் பட்டதா என்று மட்டும் பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது. டிரம்ஸ் அடிக்கும் அறிமுகத்துக்கும், ஐடா ஸ்கடர் சாலை மகனுக்கும், படையலுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு.

"நாவல்ல எழுதலாம், நாடகத்துல பிடிக்கலாம். சினிமாக்காரன் மட்டும் இளிச்சவாயனா?"

இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1970-ல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற கலைகளைவிட சினிமா பார்ப்பவர் மனதை ஆழமாக அசைக்கிறது, அதனால் முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லும் என்றது. படிக்கிறவன் சிகரெட்டைத் தானே கற்பனை செய்ய வேண்டும். திரை அதை நாற்பது அடியில் செய்து கொடுத்துவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் சரி என்பதில் எனக்கு இரண்டு மனசு. கைக்குள் வருகிற ரீல்ஸ், திரையைவிட அதிகம் அசைக்கிற காலம் இது. அதற்கு இந்த அளவு கெடுபிடி இல்லை.

"வெப் சீரிஸ்ல கெட்ட வார்த்தையே பேசுறாங்க, அங்கயும் இந்த எழுத்து வருதே?"

2023 செப்டம்பர் 1-லிருந்து ஓடிடி தளங்களுக்கும் அதே விதி. ஆரம்பத்திலும் நடுவிலும் 30 விநாடி, 20 விநாடி எச்சரிக்கை, கீழே எழுத்து, எல்லாம் மேலே சொன்னதுதான். தியேட்டருக்கான விதியை ஏற்காமல் படத்தையே கொண்டுவராமல் விட்டவரும் உண்டு: 2013-ல் அமெரிக்க இயக்குநர் வுடி ஆலன் தன் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்துக்கு நடுவே இந்த வாசகம் வரக்கூடாது என்றார், படம் இந்தியாவில் வெளியாகவில்லை. அவர் பிடிவாதம் புரிகிறது. ஆனால் ஓரத்தில் ஒரு வரி நின்றால் கெட்டுப்போகிற காட்சி அவ்வளவு பலமான காட்சியா என்றும் தோன்றுகிறது.

"ஹீரோ வேப் பிடிச்சா?"

மின்சிகரெட்டின் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் எல்லாமே 2019-லிருந்து இந்தியாவில் தடை. கடையில் வாங்க முடியாத ஒன்றை ஹீரோ ஸ்டைலாகக் காட்டினால், எங்கே கிடைக்கும் என்றுதான் பையன்கள் தேடுவார்கள்.

"ஆறாவது படிக்கிற பையன் ஹீரோ படத்துக்குக் கூட்டினு போவச் சொல்றான். கூட்டினு போவலாமா?"

சர்ட்டிஃபிகேட்டைப் பாருங்கள். 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஆறாவது படிக்கிறவனுக்கு 13+ என்றால் யோசியுங்கள். புகைப்பதை ஹீரோவின் பெருமையாகக் காட்டுகிற படம் எல்லாமே 16+ ஆக வேண்டும் என்பது என் ஆசை. வெட்டவும் வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் டிக்கெட் போய்விடும் என்றால் தயாரிப்பாளரே இயக்குநரிடம் "அந்த சிகரெட் அவசியமா சார்?" என்று கேட்பார். டிஸ்னி நிறுவனம் 2015-ல், பிள்ளைகளும் பார்க்கும் தரத்துப் படங்களில் சிகரெட் இருக்காது என்று தானாகவே அறிவித்தது.

கூட்டிப் போய்விட்டீர்கள், காட்சி வந்துவிட்டது என்றால் கண்ணைப் பொத்தாதீர்கள். பொத்தினால்தான் அதில் என்னவோ இருக்கிறது என்று நினைப்பான். வீட்டுக்கு வரும் வழியில் "அந்த சிகரெட் இல்லாமல் வந்திருந்தால் ஹீரோ எப்படி இருந்திருப்பார்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நன்றாகவே யோசிப்பார்கள். ஆனால் அப்பா நீங்களே பார்க்கிங்கில் நின்று பிடித்துவிட்டு இதைக் கேட்டால் பிரயோஜனம் இல்லை. வீட்டில் பார்ப்பது சினிமாவைவிடப் பெரிய காட்சி.

"சார், என் குறும்படத்துல ஹீரோ சோகமா இருக்காரு. சிகரெட் வெக்கலாமா?"

பயிற்சிக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். சோகம் என்றால் சிகரெட், காதல் தோல்வி என்றால் சிகரெட், யோசனை என்றால் சிகரெட். முதலில் அதை எடுத்துவிட்டு அந்தக் காட்சியை நடித்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் நடிகருக்குக் கையை என்ன செய்வது என்று தெரியாததுதான் பிரச்சினையாக இருக்கும். கைக்கு வேறு வேலை கொடுத்தால் தீர்ந்துவிடும். ஒரு பெண் தன் படத்தில், வேலை போன அப்பா ஷூவின் பிரிந்த தையலைத் தானே தைக்கிற மாதிரி வைத்தாள். ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. வீட்டில் பார்த்ததை வைத்தாள். எந்தச் சிகரெட்டும் அவ்வளவு சொல்லியிருக்காது.

எடுத்தால் காட்சி விழுந்துவிடுகிறது என்றால் தாராளமாக வையுங்கள். அப்போது மேலே நான் புலம்பிய மிச்சத்தையும் கொஞ்சம் வையுங்கள்: கடைக்காரனிடம் கடன் சொல்வது, சாம்பலைத் தட்ட இடம் தேடுவது, இருமல். தியேட்டரில் போட சென்சாருக்குப் போனால் எழுத்து, 30 விநாடி எல்லாம் உண்டு. ஷூட்டிங்குக்கு சிகரெட் வாங்கிவரச் சொல்லி ஸ்கூல் பையனை அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழே விற்பது குற்றம். அந்த வயதுக்குட்பட்ட நடிகர் கையில் கொடுக்கவே கூடாது.

"தம்பி, நாங்க பீடி சுத்தித்தான் பொழைக்கிறோம். எங்களைப் படம் எடுத்தா எங்க மேலயும் 'உயிரைக் கொல்லும்'னு போடுவீங்களா?"

குடியாத்தம் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கம் ஏராளமான வீடுகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் தூள் நாள் முழுக்க மூக்கிலும் கையிலும் போகிறது. பீடியைப் பற்ற வைக்காமலே புகையிலைக்கு உடம்பைக் கொடுப்பவர்கள் இவர்கள்.

சட்டப்படி பதில்: ஆமாம் அக்கா, போடுவார்கள். முனீஸ்வரன் கேள்விக்குச் சொன்னதேதான், பொருள் கண்ணில் பட்டால் எழுத்து வரும். ஸ்லோ மோஷனில் ஊதுகிற ஹீரோவுக்கு என்ன வாசகமோ அதுதான் உங்களுக்கும். என்னைக் கேட்டால் உங்கள் காட்சிக்குக் கீழே வர வேண்டியது ஆயிரம் பீடிக்கு உங்களுக்கு என்ன கூலி, கடையில் அது என்ன விலை என்கிற கணக்கு. அதைப் போட விதி எதுவும் இல்லை. ஆனால் போடக்கூடாது என்றும் விதி இல்லை. யாராவது கேமராவோடு வந்தால், தொழிலாளர் அடையாள அட்டை, பிள்ளைகளின் படிப்புக்கு வருகிற உதவித்தொகை, தூளால் வருகிற இருமல், இந்த மூன்றையும் பேசாமல் முறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள்.